பிரிக்கத் தெரிந்த பொருள்கள் – 9: மூன்று ஓட்டைகள்

சென்ற வாரம் மிக்ஸி ஜாரின் அடியில் இருக்கும் கப்ளரோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் சமையலறையை விட்டு வாசலுக்கு வருவோம், செருப்பு விடும் இடத்துக்கு.

என்னிடம் ஒரு கறுப்பு ஷூ இருந்தது. கொஞ்சம் விலை கூடுதலாகக் கொடுத்து வாங்கியது என்பதால் அலமாரியில் அதற்கு எப்போதும் தனி மரியாதை. கல்யாணத்துக்கும் விருது விழாவுக்கும் (வாங்குவதற்கு அல்ல, கைதட்டுவதற்கு) தவிர அதை வெளியே எடுத்ததில்லை. ஆறு வருஷத்தில் பதினைந்து முறை போட்டிருந்தால் அதிகம். போன ஐப்பசியில் ஒரு முகூர்த்தத்துக்கு மாட்டிக்கொண்டு போனேன். மண்டபத்துப் படி ஏறும்போதே காலுக்குக் கீழே ஏதோ நொறுங்குவது போல இருந்தது. பொருட்படுத்தவில்லை. பன்னீர் தெளிக்க நின்ற சிறுமிதான் என் பின்னால் கையைக் காட்டினாள். சிவப்புக் கம்பளத்தில் நான் நடந்து வந்த வழி முழுக்கக் கறுப்புத் துண்டுகள். சாப்பாட்டுப் பந்திக்கு வெறும் சாக்ஸோடு போய் உட்கார்ந்தேன்.

மறுநாள் எங்கள் தெருமுனையில் கடை போட்டிருக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் ஷூவை வாங்கிக் கட்டைவிரலால் சோலை ஓர் அழுத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது.

“இதுல ஊசி எங்க சார் போடறது? நூலு நிக்காது. மாவு மாதிரி கொட்டுது பாருங்க.”

“வேற சோல் வெச்சு ஒட்டித் தர முடியாதாண்ணே?”

“மேல்தோல் சும்மா புதுசாட்டம் இருக்குது. ஆனா அடி அப்படியே ஊத்துனது சார். எங்க புடிச்சுப் பிரிக்கிறது?”

‘ஊத்துனது’ என்று அவர் சொன்னதுதான் சரியான சொல். மேல்பாகத்தை அச்சில் மாட்டி, அடியில் பாலியூரித்தேனைத் திரவமாகப் பாய்ச்சுகிறார்கள். அது நுரைத்துப் பொங்கி, இறுகும்போதே தோலைப் பிடித்துக்கொள்கிறது. தையல் கிடையாது, தனியாகப் பசைகூடக் கிடையாது. வேலை சட்டென்று முடியும், எடை குறைவு, கால் வைத்தால் பஞ்சு. ஆனால் இந்தப் பொருளில் பாலியெஸ்டர் அடிப்படையிலான வகைக்குத் தண்ணீர் ஆகாது. காற்றில் இருக்கும் ஈரம் போதும்; அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் துண்டித்துக்கொண்டே வரும். நாம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் அந்த வேலை நிற்காது. பொத்திப் பொத்தி வைத்தேனே, சென்னைக் காற்றுக்கு அது எந்த வகையிலும் தடையாக இல்லை. பாலியீதர் வகை இந்த ஈரத்தை இன்னும் நன்றாகத் தாங்கும். எது எந்த வகை என்று பெட்டியில் போடுவார்களா என்றால், நான் பார்த்த எந்தப் பெட்டியிலும் இல்லை.

ஆக, ஒரு ஷூவின் ஆயுளைத் தீர்மானிப்பது தோலோ சோலோ அல்ல, இரண்டும் சேரும் இடம். மேலே இருப்பது பத்து வருஷம் உழைக்கும், கீழே இருப்பது இரண்டே வருஷத்தில் தேயும். இப்படி வயது பொருந்தாத இரண்டைச் சேர்த்துவைக்கும்போது, பின்னால் பிரிப்பதற்கு ஒரு வழி விட்டிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

வழி விட்டவற்றில் மூத்தது ‘வெல்ட்’ என்கிற தோல் பட்டி. ஷூவின் விளிம்பைச் சுற்றி ஓடும் ஒல்லியான பட்டி அது. முதல் தையல் மேல்தோலையும் உள் அட்டையையும் இந்தப் பட்டியோடு சேர்க்கிறது. இரண்டாவது தையல் பட்டியையும் அடி சோலையும் சேர்க்கிறது. இரண்டு தையலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் இருக்கும் பள்ளத்தில் கார்க்கை நிரப்புகிறார்கள். போடப் போட அது பாதத்தின் வடிவத்துக்கு அமுங்கிக்கொள்ளும். சோல் தேய்ந்ததும் வெளித் தையலை மட்டும் அறுத்தால் போதும், பழையது கையோடு வந்துவிடும். மேல்தோலில் ஊசி படவே படாது. இரண்டு மூன்று முறை சோல் மாற்றியதில் பட்டியே கிழிந்துபோனால் பட்டியையும் மாற்றிக்கொள்ளலாம். அடி வாங்குவதற்கென்றே இடையில் ஓர் ஆளை நிறுத்திவைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கையால் இதைச் செய்யப் பொறுமையும் பலமும் வேண்டும். 1858-இல் அமெரிக்காவில் லைமன் பிளேக் சோல் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அது உள்ளிருந்து வெளியே ஒரே குத்தாகக் குத்தித் தைத்துவிடும். வேகமான, மலிவான வேலை. ஆனால் மறுபடி சோல் போட வேண்டுமென்றால் ஷூவுக்குள் கையை நீட்டுகிற அதே மாதிரி இயந்திரம் வேண்டும். தெருமுனைக் கடையில் நடக்காது. பட்டி வைத்த தையலை இயந்திரத்துக்குக் கொண்டுவந்த புண்ணியம் 1870-களில் சார்லஸ் குட்இயர் ஜூனியருக்குப் போனது. அதனால்தான் இன்றைக்கும் விலையுயர்ந்த ஷூக்களில் ‘குட்இயர் வெல்ட்’ என்று பெருமையாகப் போடுகிறார்கள். டயர் கம்பெனி நினைவுக்கு வருகிறதா? இவருடைய அப்பாதான் ரப்பரைக் கந்தகத்தோடு சுட்டுப் பக்குவப்படுத்தி 1844-இல் காப்புரிமை வாங்கியவர். 1860-இல் கடனோடு செத்துப்போனவர். டயர் கம்பெனி 1898-இல் அவர் பெயரைக் கௌரவத்துக்காக வைத்துக்கொண்டது. அந்தக் குடும்பத்துக்கும் கம்பெனிக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லை.

பசை என்றாலே பிரிக்க முடியாது என்று நினைத்துவிட வேண்டாம். மலையேறுபவர்கள் பாறையில் போடும் ஷூக்கள் பசையால் ஒட்டியவைதான். சூடு காட்டினால் பசை இளகும். சோலை உரித்துவிட்டுப் புதியதை ஒட்டுவது அவர்களுக்கு வாடிக்கை. அவர்களால் முடிவதற்குக் காரணம் பசை அல்ல, புதிய சோல் தனியாகக் கடையில் கிடைக்கிறது. இத்தாலியில் 1935-இல் ஒரு மலையேற்ற விபத்தில் ஆறு நண்பர்களைப் பறிகொடுத்தவர் விட்டாலே பிரமானி. பனியில் வழுக்காத ரப்பர் சோலை உருவாக்கி 1937-இல் காப்புரிமை பெற்றார். அவர் பெயரின் இரண்டு சொற்களிலும் தொடக்கத்தை வெட்டி ஒட்டியதுதான் ‘விப்ரம்’ என்ற நிறுவனத்தின் பெயர். அந்த நிறுவனம் பெயர் வாங்கியது சோலில். யாரோ ஒருவர் செய்த ஷூவுக்கு, யாரோ ஒரு தொழிலாளி, விப்ரம் சோலை வாங்கிப் போடலாம்.

இந்த விஷயத்தில் நம் ஊர் ஹவாய் செருப்பை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் கட்சி. ஜப்பானியர்களின் ஸோரியை ரப்பரில் செய்தது அது. ஓர் அட்டை, மூன்று ஓட்டை, மூன்று கால் உள்ள ஒரு வார். பசையில்லை, தையலில்லை, ஆணியில்லை. வாரின் முனையில் இருக்கும் பொத்தான் ஓட்டை வழியாக நுழைந்து அடியில் விரிந்து நிற்கிறது, அவ்வளவுதான். வார் அறுந்தால் புது வார். எட்டாம் நம்பர் வார் ஒரு ஜோடி என்று கேட்டால், எந்தக் கம்பெனி செருப்பு என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. பொத்தான் பிய்ந்து வந்தால் ஓர் ஊக்கைக் குத்திக்கொண்டு வீடு வந்து சேரலாம். அப்படி வீடு வந்து சேராதவர்கள் நம்மில் யார்? என்ன, இங்கே கணக்கு தலைகீழ். வாரை மாற்றிக்கொண்டே போகலாம். குதிகால் பக்கம் தேய்ந்து தரை தெரிய ஆரம்பித்தால் கதை முடிந்தது.

2022-இல் நைக்கி ‘இஸ்பா லிங்க்’ என்று ஒரு ஷூவைக் கொண்டுவந்தது. பசையே கிடையாது. சோலில் இருக்கும் முளைகள் மேல்பாகத்து ஓட்டைகளில் நுழைந்து பிடித்துக்கொள்கின்றன. வேண்டாத நாளில் கழற்றி, தனித்தனியாக மறுசுழற்சிக்கு அனுப்பலாம். படத்தைப் பார்த்ததும் எனக்கு ஹவாய் செருப்பின் பொத்தான்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் அந்த முளைக்குப் பொருந்தும் ஓட்டை வேறு எந்த ஷூவிலும் இல்லை. அடிடாஸ் 2019-இல் எதிர்த்திசையில் போனது. மேலே, கீழே, நூல் எல்லாமே ஒரே வகைப் பிளாஸ்டிக். பிரிக்கவே வேண்டாம், முழு ஷூவையும் திருப்பிக் கொடுங்கள், உருக்கிக்கொள்கிறோம் என்றது. இரண்டுமே கெட்டிக்கார வேலைகள், சந்தேகமில்லை. இரண்டிலுமே தெருமுனை அண்ணனுக்கு வேலை இல்லை.

தேய்வது ஒரு பக்கம் என்றால், பொருந்துவது இன்னொரு பக்கம். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்துக்கு ஷூ வாங்கப் போனால் அம்மாக்கள் முன்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, “வளர்ற பையன், ஒரு சைஸ் பெருசாவே குடுங்க” என்பார்கள். மிச்ச இடத்துக்குப் பஞ்சோ செய்தித்தாளோ. நானும் தினத்தந்தியை மிதித்துத்தான் ஆறாம் வகுப்பு படித்தேன். ஆங்கிலேய அளவில் ஒரு சைஸ் என்பது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது சுமார் எட்டரை மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு பார்லி மணியின் நீளத்தை வைத்துப் போட்ட கணக்குக்குள் இன்னும் நம் கால்களைத் திணித்துக்கொண்டிருக்கிறோம்.

கென்டன் லீ என்ற அமெரிக்கர் 2007-இல் நைரோபியில் ஒரு சிறுமியைப் பார்த்தார். அவளுடைய ஷூ சின்னதாகிவிட்டதால் முன்பக்கத்தை வெட்டி விரல்களை வெளியே விட்டிருந்தார்கள். வளரும் செருப்பு ஒன்று செய்தால் என்ன என்று அவருக்கு அப்போது தோன்றியதுதான், பல வருஷ முயற்சிக்குப் பிறகு, ஐந்து சைஸ் வரை பெரிதாகும் சாண்டலாக வந்தது. முன்னால், பக்கவாட்டில், பின்னால் என்று மூன்று இடங்களில் நீட்டிக்கொள்ளலாம். நீட்டிப் பிடிக்க வைத்திருப்பது என்ன பெரிய தொழில்நுட்பம்? சட்டையில் இருக்கும் டிச் பட்டன் போன்ற ஒன்று.

அது சாண்டலாக இருப்பதில் ஒரு வசதி இருக்கிறது. அகலத்தைக் கூட்டிக் குறைப்பது எளிது. கயிறு, பக்கிள், வெல்க்ரோ எதுவும் செய்யும். நீளம் அப்படியல்ல. நடக்கும்போது பாதம் விரல்களின் அடி மூட்டில்தான் மடங்குகிறது; ஷூவும் சரியாக அங்கேயே மடங்க வேண்டும். கால் வளரும்போது அந்த மூட்டும் முன்னால் நகர்கிறது. வெறுமனே மூக்கை மட்டும் நீட்டிவிட்டால் ஷூ ஓரிடத்தில் மடங்கும், கால் வேறிடத்தில் மடங்கும், கொப்புளம் மிச்சம். அமெரிக்கக் கடைகளில் கால் அளக்கும் பிரானக் கருவி, குதிகாலிலிருந்து விரல் நுனி வரை ஒரு தடவை, இந்த மூட்டு வரை ஒரு தடவை என்று இரண்டு நீளம் எடுப்பது இதற்காகத்தான். தட்டையான சாண்டலில் மடிப்பு எங்கு வேண்டுமானாலும் விழலாம் என்பதால் பிரச்சினை பாதியாகிவிடுகிறது.

கொலராடோவில் ஆற்றுப் படகுப் பயணங்களுக்கு வழிகாட்டியாக இருந்த மார்க் பைகன் 1989-இல் தொடங்கிய சாக்கோ சாண்டல், பொருந்துவது, பிரித்து மாற்றுவது என்ற இரண்டு காரியத்தையும் ஒரே வாரால் முடித்துவிட்டது. ஒரே நீள நாடா சோலுக்குள் குடைந்த பாதைகள் வழியாகப் போய் வருகிறது. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் இறுகும். நாடா கிழிந்தால் நாடா, சோல் தேய்ந்தால் சோல் என்று நிறுவனமே மாற்றித் தந்ததுண்டு.

நம் ஊரில் செருப்பை எதைக் கொண்டு சேர்ப்பது, காலுக்கு எப்படிப் பொருத்துவது என்ற கேள்வி அழகுக்கோ சிக்கனத்துக்கோ எழுந்தது அல்ல. கொல்லிமலையில் 1914-இல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்து தொழுநோயாளிகளின் கை கால்களோடு மல்லுக்கட்டினார். பாதத்தில் வலி தெரியாததுதான் புண்ணுக்குக் காரணம் என்று புரிந்ததும், மருந்துக்கு ஈடாகச் செருப்பு முக்கியமாகிவிட்டது. 1955-இல் தொடங்கிய கரிகிரி மருத்துவமனையிலும் அந்த வேலை தொடர்ந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்று இப்போது சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதித் தருகிறார்களே, அதன் கதை இங்கிருந்து வருகிறது. மேலே எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பர். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் கனம் பாதியாக அமுங்க வேண்டும். கீழே முள் ஏறாத கெட்டி ரப்பர். வீக்கமோ கட்டோ இருந்தால் தளர்த்திக்கொள்ள வெல்க்ரோ வார். விரல் மடங்கிய கையால் பக்கிள் போட முடியாது, வெல்க்ரோவை உள்ளங்கையால்கூட அழுத்திவிடலாம்.

அந்தச் செருப்பில் ஆணி அடிக்கவே கூடாது. சோல் தேயத் தேய ஆணி மேலே எட்டிப் பார்க்கும். போட்டிருப்பவருக்குக் குத்துவது தெரியாது. ரத்தம் பார்த்துத்தான் தெரியும். அதனால் பசையும் தையலும் மட்டுமே. நல்லெண்ணத்தோடு யாராவது தெருவில் இரண்டு ஆணி அடித்துக் கொடுத்தால் அதுவே வினையாகிவிடும். ‘எதையும் பழுது பார்க்கலாம்’ என்று இந்தத் தொடரில் வாராவாரம் வீம்பாக எழுதி வருகிறேன். கரிகிரிச் செருப்பு விஷயத்தில் கொஞ்சம் அடக்கி வாசிக்கிறேன்.

இதையெல்லாம் எங்கள் தெருமுனை அண்ணனிடம் சொன்னேன். ஆணி விஷயம் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “சக்கரைக்காரங்க செருப்புன்னா தையல்தான் சார். அவங்களே சொல்லிடுவாங்க” என்றார். அவர் தலைக்கு மேலே கம்பியில் ஹவாய் வார்கள் நம்பர் வாரியாகத் தொங்கிக்கொண்டிருந்தன, நீலமும் பச்சையுமாக. என் கறுப்பு ஷூவின் மேல்பாகத்தை அவரிடமே விட்டுவிட்டு வந்தேன்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது ஒரு பெரியவரின் தோல் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். வார் கறுப்பு. என்னைப் பார்த்ததும் சிரித்தார்.

“உங்க ஷூ நாக்கு சார். நல்ல தோலு.”

(தொடரும்)