மெடிக்கல் போர்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு நோட்டு போடுங்க

இன்னைக்கு ஒரே ஒரு கேள்விதான். வீட்டுல ஒருத்தருக்கு மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் வாங்கணும், மெடிக்கல் போர்டுக்குத் தேதி வந்துடுச்சு. என்ன எடுத்துட்டுப் போகணும்? ஆதார், போட்டோ, ரேஷன் கார்டு எல்லாம் இ-சேவை மையத்துலயே சொல்லிடுவாங்க. அங்க சொல்லாத ஒண்ணு இருக்கு: வீட்டுல ஒரு மாசமா எழுதின நோட்டு. அது ஏன் வேணும்னு புரியணும்னா, போர்டு என்ன செய்யுதுன்னு முதல்ல பார்க்கணும்.

போர்டு கடைசியில கொடுக்கறது ஒரு நம்பர். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. ஆனா பெரும்பாலான பலன்களுக்கு 40 சதவீதம்தான் வாசப்படி. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீடு அங்கேதான் ஆரம்பிக்குது. தமிழ்நாடு அரசு கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தரும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு 75 சதவீதம் வேணும். சம்பளம் வாங்கறவங்களுக்கு ஒண்ணு: உங்களை நம்பி இருக்கும் அப்பா அம்மாவுக்கு 40 சதவீதம் இருந்தா, வருமான வரியில் 75,000 ரூபாய் கழிவு. 80 சதவீதமோ அதுக்கு மேலயோன்னா 1,25,000. பழைய வரி முறையில இருந்தாத்தான். ஆக, 39க்கும் 40க்கும் நடுவுல இருக்கறது ஒரு சதவீதம் இல்ல, ஒரு குடும்பத்தோட மருந்துச் செலவு.

சரி, இந்த நம்பர் எப்படி வருது? மத்திய அரசு 2018இல் மதிப்பீட்டு வழிகாட்டுதல்களை வெளியிட்டது, 2024 மார்ச்சில் புதுப்பித்தது. 2018 வழிகாட்டுதலைப் படிச்சப்போ எனக்கு ஏதோ கோடு படிக்கற மாதிரிதான் இருந்துச்சு. உதாரணத்துக்குக் காது. நல்லா கேட்கும் காதின் சதவீதத்தை 5ஆல் பெருக்கி, மோசமான காதின் சதவீதத்தைக் கூட்டி, 6ஆல் வகுக்கணும். ஒரு காது முழுசா போயிடுச்சு, இன்னொண்ணு நல்லா இருக்குன்னா 100ஐ 6ஆல் வகுத்தா 17 கூட வராது. சென்னிமலையில் விசைத்தறிச் சத்தத்துலயே வாழ்நாளைக் கழிச்சவங்க, "ஒரு காது சுத்தமா கேக்கறதில்லீங்க, எப்படிக் கார்டு கிடைக்காம போகும்?"னு கேட்பாங்க. கணக்கு இதுதான்.

ரெண்டு குறைபாடு இருந்தா நேரடியா கூட்டவும் மாட்டாங்க. பெரிய எண்ணை அப்படியே வெச்சுட்டு, 90ல் அது போக மிச்சம் இருக்கறதுக்கு ஏத்த மாதிரிதான் சின்ன எண்ணைச் சேர்ப்பாங்க. 50ம் 30ம் சேர்ந்தா 80 இல்ல, கிட்டத்தட்ட 63. இதைத் தெரிஞ்சுக்காம போனா, "டாக்டர் குறைச்சுப் போட்டுட்டாரு"ன்னு தேவையில்லாத கோபம் வரும்.

காதை மெஷின் அளக்கும். முழங்கை எவ்வளவு மடங்குதுன்னு கருவி அளக்கும். ஆனா எல்லாத்தையும் அளக்க மெஷின் கிடையாது. மனநலக் குறைபாட்டை எடுத்துக்கோங்க. அதுக்கு ஐடியாஸ்னு ஒரு அளவுகோல், இந்திய மனநல மருத்துவர்கள் சங்கத்தின் குழு உருவாக்கினது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மனிதர்களோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என்று நாலு தலைப்பு, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 4 வரை மார்க். நோய் எத்தனை வருஷமா இருக்குங்கறதுக்குத் தனியா 4 வரைக்கும். மொத்தம் 20ல் 7 வந்தா 40 சதவீத வாசப்படியைத் தொட்டாச்சு. இந்த மார்க் எங்கிருந்து வருது? அவரும், கூட இருக்கறவங்களும் சொல்றதுலிருந்துதான். ஒரு பையன் பத்து நாளா குளிக்கலைங்கறது எந்த ஸ்கேன்லயும் தெரியாது.

எங்க ஊர்ப்பக்கம் இன்னொரு சிக்கல் இருக்கு. அது மரியாதை. பெரியப்பாவுக்கு பக்கவாதம் வந்து இடது கை பலவீனமாகி, நானும் பெரியம்மாவும் போர்டுக்குக் கூட்டிட்டுப் போனோம். அன்னைக்குன்னு சலவைச் சட்டை, நெத்தியில திருநீறு. டாக்டர் பொறுமையா கேட்டாங்க, "சட்டை பட்டன் நீங்களே போட்டுக்கறீங்களா?"

"போட்டுக்குவனுங்க."

"படி ஏறறதுல தொந்தரவு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க."

பின்னாடி நின்ன பெரியம்மாவுக்குத் தாங்கல. "ஏனுங்க இப்படிச் சொல்றீங்க? பட்டனை நாந்தானுங்க டாக்டர் தினமும் போட்டு உடறேன்."

பெரியப்பா பொய் சொல்லல. தைப்பூசத்துக்கு மலைக் கோயிலோட 1,320 படியையும் ஏறின மனுஷன், முன்னப்பின்ன தெரியாதவங்க முன்னாடி முடியலைன்னு சொல்லிப் பழக்கமில்ல, அவ்வளவுதான். அதுக்காகப் போர்டு முன்னாடி நடிங்கன்னு சொல்ற ஏஜென்ட் பேச்சையும் கேட்காதீங்க. தினமும் நூறு பேரைப் பார்க்கற டாக்டருக்கு நடிப்பு தெரிஞ்சிடும். அப்புறம் உண்மையா இருக்கறதும் சந்தேகத்துல போயிடும்.

இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் நோட்டு வருது. நம்ம வேலையில "ஆப் ஓடல"ன்னு மட்டும் ஒருத்தர் டிக்கெட் போட்டா என்ன பண்ணுவோம்? எந்த ஸ்கிரீன், எத்தனை மணிக்கு, எதை அழுத்தினீங்கன்னு திருப்பிக் கேட்போம். "கை வரல"ங்கறதும் அப்படித்தான். "செவ்வாய் காலை 10 மணி. பாவுல இழை அறுந்துச்சு. முடிச்சுப் போட மூணு தடவை முயற்சி, முடியல. பக்கத்துத் தறிக்காரர் வந்து போட்டார்." இது ஒரு பதிவு. "சோறு பிசையும்போது தட்டு நழுவுச்சு, பெரியம்மா பிடிச்சுக்கிட்டாங்க." இது ஒரு பதிவு. தேதி, என்ன வேலை, எவ்வளவு நேரம், யார் உதவினாங்க, அதுக்கப்புறம் உடம்பு எப்படி இருந்துச்சு. மூணு வரி போதும். வேதனையைப் பக்கம் பக்கமா எழுத வேண்டாம்.

எதை எழுதறதுன்னு தெரியலைன்னா பிரிட்டன்ல இருந்து ஒண்ணு கடன் வாங்கலாம். அங்கே 2013 முதல் இருக்கும் பிப் என்ற உதவித்தொகையில், ஒரு வேலையைச் செய்ய முடியுமான்னு பார்க்கும்போது நாலு விஷயம் கேட்பாங்க. ஆபத்தில்லாம செய்ய முடியுதா, ஓரளவு ஒழுங்கா செய்ய முடியுதா, தேவைப்படும்போதெல்லாம் திரும்பச் செய்ய முடியுதா, நியாயமான நேரத்துக்குள்ள முடியுதா. நம்ம சட்டத்துல இந்த விதி கிடையாது. ஆனா "படி ஏறுவேன்"ங்கற ஒரு வார்த்தையை இந்த நாலு கேள்வியில போட்டுப் பாருங்க: ஏறுவாரு, ஆனா கைப்பிடி இல்லாத படின்னா விழுந்துடுவாரு, ஒரு தடவை ஏறினா அன்னைக்கு மறுபடி முடியாது, பத்துப் படிக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். இப்போதான் உண்மை முழுசா வருது.

நல்ல நாளையும் எழுதுங்க. இதை நான் அழுத்திச் சொல்றேன். முப்பது நாளும் மோசம்னு இருக்கற நோட்டை யாரும் நம்ப மாட்டாங்க. பார்க்கின்சன் மாதிரி நோய்க்கு மாத்திரை வேலை செய்யற நேரம் ஒரு மாதிரி, அதோட வீரியம் இறங்கின நேரம் வேற மாதிரி. காலைல 11 மணிக்கு போர்டு உட்கார்ந்தா அவங்க பார்க்கறது அந்த 11 மணி மனுஷனை மட்டும்தான். மாத்திரை போட்ட நேரம் நோட்டுல இருந்தா டாக்டரே கேள்வியை மாத்திக் கேட்பார்.

ஒண்ணு தெளிவா இருக்கட்டும். நோட்டு மருத்துவ ஆவணம் கிடையாது. அதை வெச்சு மட்டும் சதவீதம் போட மாட்டாங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், ஓபி சீட்டு எல்லாத்தையும் தேதி வரிசையில ஒரு ஃபைல்ல போட்டு, மேல நோட்டோட சுருக்கத்தை ஒரே பக்கமா வைங்க. நீங்களும் வழக்கமா பார்க்கற டாக்டர்கிட்ட அந்த நோட்டை முன்னாடியே காட்டினா இன்னும் நல்லது. அவர் ஓபி சீட்டுல "பட்டன் போட, குளிக்க உதவி தேவை"ன்னு ஒரு வரி எழுதினா, அதுக்கு இருக்கற மதிப்பே வேற. ஒரிஜினலை எங்கேயும் கொடுத்துட்டு வந்துடாதீங்க, எல்லாத்தையும் போன்ல ஸ்கேன் பண்ணி வைங்க. விண்ணப்ப எண்ணையும் குறிச்சு வைங்க. 2024 அக்டோபர் திருத்தத்துக்கு அப்புறம், விண்ணப்பிச்சதிலிருந்து மூணு மாசத்துக்குள்ள சர்டிபிகேட் தரணும். முன்னாடி அது ஒரு மாசமா இருந்துச்சு.

சர்டிபிகேட் கைக்கு வந்ததும் ரெண்டு இடத்தைப் பாருங்க. ஒண்ணு, நிரந்தரமா தற்காலிகமா. நிலைமை மாற வாய்ப்பு இருந்தா, எதுவரைக்கும் செல்லும்னு போட்டிருப்பாங்க. தற்காலிகம்னா நோட்டை மூடாதீங்க, மறுபடி போர்டு இருக்கு. இன்னொண்ணு, சதவீதம். அது நியாயமில்லைன்னு தோணினா சட்டத்தின் 59ஆவது பிரிவின் கீழ் மேல்முறையீடு செய்யலாம், முடிவு வந்த நாளிலிருந்து 90 நாள் இருக்கு. கார்டே கிடையாதுன்னு மறுத்தா காரணத்தை எழுத்துல கேட்டு வாங்குங்க. அது இல்லாம மேல்முறையீட்டுல எதை எதிர்த்து எழுதுவீங்க? ஈரோட்டில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நடைமுறையைச் சொல்லுவாங்க. மற்ற மாவட்டங்களிலும் அதே அலுவலகம்தான்.

40க்குக் கீழே வந்தாலும் அந்தக் காகிதத்தைத் தூக்கிப் போட்டுடாதீங்க. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம், எழுதும்போது விரல் இழுத்துக்கொள்ளும் குறைபாடு உள்ள ஒருவருக்கு யூபிஎஸ்சி தேர்வில் எழுத்தர் வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்று தீர்ப்பு சொன்னது. தேவையான வசதியைக் கேட்கறதுக்கு 40 சதவீதம் கட்டாயம் இல்லைன்னு அதுல தெளிவா இருக்கு. ஆபீஸ்லயோ பரீட்சையிலயோ அந்த வசதியைக் கேட்கும்போது "எதுக்கு, எவ்வளவு நேரம் கூடுதலா வேணும்?"னு கேட்பாங்க. அதுக்கும் பதில் அந்த நோட்டுலதான் இருக்கும்.