நன்னீர் மட்டியும் நஞ்சேறிய நீரும்

குளம், ஆறு, வாய்க்கால் ஆகிய நன்னீர் நிலைகளில் வாழும் மட்டி, நத்தை, நண்டு, இறால் என்பன புரதம் மிகுந்த உணவாகும். அவற்றில் இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. பணச் செலவின்றிக் கிடைப்பதால் வறிய குடும்பங்களுக்கு அவை பெருந்துணையாவன. ஆயினும், எந்த நீரில் எடுக்கப்பட்டவை என்பதை அறியாது அவற்றை உண்பது ஆபத்தாய் முடியலாம். கழிவு கலந்த நீரில் வளரும் மட்டி, கண்ணுக்குப் புலப்படாத நஞ்சைத் தன் உடலிற் சேர்த்து வைத்திருக்கும்.

நஞ்சு சேரும் விதம்

மட்டி இரை தேடி அலைவதில்லை. அது அடிச்சேற்றிற் பாதி புதைந்திருந்து, நீரை உள்ளிழுத்து, மூச்சுறுப்பாகிய பூக்களினால் வடித்து, அந்நீரிலுள்ள நுண்ணிய பாசிகளையும் துகள்களையும் உணவாகக் கொள்கின்றது. இவ்வாறு நாள்தோறும் பல லீற்றர் நீர் அதன் உடலூடாகச் செல்லும். ஈயம், கட்மியம், இரசம் முதலிய பார உலோகங்கள் அத்துகள்களுடன் ஒட்டியிருப்பதால் அவையும் உட்செல்கின்றன. உணவு செமிபாடடைந்து விடும், உலோகமோ அழிவதில்லை. கட்மியம் ஒருவகைப் புரதத்துடன் பிணைந்து உடலிலேயே தங்கிவிடும். நீரிற் சிறிதளவேயுள்ள நஞ்சு மட்டியிற் பன்மடங்காகப் பெருகுவது இதனாலேயாம்.

நஞ்சு வரும் வழிகள்

பழைய பற்றரிகளை உடைத்து ஈயம் உருக்கும் இடங்கள், தோல் பதனிடும் சாலைகள், உலோக முலாமிடும் பட்டறைகள், சுரங்கங்கள், நகர வடிகால்கள் என்பவற்றிலிருந்து பார உலோகங்கள் நீரை அடைகின்றன. வயல் நிலமும் இதற்கு விலக்கன்று. பொசுபேற்றுப் பசளைகளில், அவை பெறப்பட்ட பாறையின் தன்மைக்கேற்பக் கூடியோ குறைந்தோ கட்மியம் கலந்திருக்கும். அளவுக்கு மிஞ்சி இட்ட பசளை மழை நீரோடு வாய்க்காலுக்குச் செல்லும்போது அவ்வுலோகமும் உடன் செல்லும்.

மனிதருக்கு விளையும் கேடு

உணவின் வழியே வந்த கட்மியம் சிறுநீரகத்திற் சேரும். அங்கே சேர்ந்ததிற் பாதி வெளியேறுவதற்கு 10 முதல் 30 ஆண்டுகள் செல்லும். சிறுநீரகம் பழுதுற, என்புகளும் வலுவிழக்கும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். தீங்கற்றதெனக் கொள்ளத்தக்க ஈய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார தாபனத்தின் முடிவாகும்.

யப்பான் நாட்டின் மினமாட்டாக் குடாவில் தொழிற்சாலையொன்று விட்ட கழிவிலிருந்த இரசம் மீனிலும் சிப்பியிலும் ஏறியது. அவற்றை உண்டோரின் நரம்புகள் பழுதுற்றன. 1956ஆம் ஆண்டில் வெளிப்பட்ட அந்நோய், தாயின் வயிற்றிலிருந்த சிசுக்களையும் விட்டுவைக்கவில்லை. அது கடலிற் கண்ட கேடு. 1965ஆம் ஆண்டில் அந்நாட்டின் அகானோ ஆற்று மீனை உண்டோரிடத்தும் அதே நோய் காணப்பட்டது. நன்னீரென்று நம்பியிருத்தல் போதாதென்பது இதனால் தெளிவாகும்.

எவ்வளவு உண்டால் ஆபத்து?

ஒருவரின் உடல் எடையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் மாதம் 25 மைக்கிரோகிராம் கட்மியமே தாங்கத்தக்க எல்லையென உலக நிபுணர் குழு 2010ஆம் ஆண்டில் வகுத்தது. இக்கணக்கின்படி 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு மாதம் 1.25 மில்லிகிராம் எல்லையாகும். கிலோகிராமுக்கு 1 மில்லிகிராம் கட்மியமுள்ள மட்டித் தசையை அவர் மாதம் ஒன்றேகாற் கிலோகிராம் உண்டால் அவ்வெல்லை நிரம்பிவிடும். 15 கிலோகிராம் எடையுள்ள குழந்தைக்கோ 375 கிராமே போதும். சோறு முதலிய பிற உணவுகளால் வருவது இதற்கு மேலதிகமாம்.

சமையலால் நஞ்சு நீங்குமா?

நன்றாக அவித்தால் நோய்க்கிருமிகள் மாளும், உலோகம் மாளாது. ஓரிரு நாள் நல்ல நீரில் விட்டுவைத்தால் மணலும் சேறும் நீங்கும். தசையோடு பிணைந்த உலோகம் அவ்வளவில் நீங்காது. மஞ்சளும் புளியும் இதற்கு மருந்தல்ல. எனவே, காவல் செய்ய வேண்டிய இடம் அடுப்பங்கரையன்று, நீர்க்கரையே.

கைக்கொள்ள வேண்டியவை

1. தொழிற்சாலை, பற்றரிப் பட்டறை, நகர வடிகால், குப்பைமேடு என்பவற்றின் கழிவு சேரும் நீரில் மட்டி முதலியவற்றை எடுக்கலாகாது. நீர் தெளிவாயிருப்பதைக் கொண்டு ஏமாறலாகாது.

2. சந்தையில் வாங்கும்போது எங்கே எடுத்தவை எனக் கேட்டறிதல் வேண்டும்.

3. நண்டு, இறால் என்பவற்றின் ஓட்டினுள்ளும் தலையினுள்ளும் உள்ள ஈரற் பகுதியில் கட்மியம் மிகுதியாகச் சேரும். அதனை நீக்கித் தசையை மட்டும் சமைத்தல் நன்று.

4. ஐயத்துக்கிடமான மட்டியைக் கருவுற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒருபோதும் கொடுக்கலாகாது.

5. மாசுற்ற நீரில் எடுத்த நத்தைகளை வாத்துகளுக்கு இரையாக இடலாகாது.

6. மண்ணைச் சோதித்து, விதந்துரைத்த அளவுக்கு மட்டுமே பசளை இடல் வேண்டும். பழைய பற்றரிகளையும் உடைந்த மின்குழாய்களையும் குளத்திலோ வாய்க்காலிலோ எறியலாகாது.

தூய நீரில் வளர்ந்த மட்டி நல்ல உணவு. அதனை வெறுக்க வேண்டியதில்லை. நீரைக் காப்பவர் அந்நீரிலிருந்து பெறும் உணவையும், அதனை உண்ணும் தம் பிள்ளைகளையும் காப்பவராவர்.