பந்தயப் பலகையின் கணக்கு

மும்பை மகாலட்சுமியிலுள்ள குதிரைப் பந்தய மைதானம் 1883 ஆம் ஆண்டில் அமைந்தது. நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலான பந்தயப் பருவத்தில் அங்கே செல்வோருள் நம்மவரும் உளர். "எந்தக் குதிரை வெல்லும்?" என்று வினவுவோர் பலர், "பலகையில் எழுதியிருக்கும் விகிதத்தின் பொருள் யாது?" என்று வினவுவோர் மிகச் சிலரே. குடும்பப் பணம் கைமாறும் இடமாதலின், இவ்விரண்டாம் வினாவுக்கு எளிய முறையில் விடை கூற விழைகின்றோம்.

ஒரு குதிரையின் பெயருக்கு எதிரே 'மூன்றுக்கு ஒன்று' என்று இருப்பின், அது வென்றால் நாம் கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் மூன்று ரூபாய் ஆதாயம் உண்டு. கட்டிய ரூபாயும் திரும்பும். ஆகவே 100 ரூபாய் கட்டியவர் 400 ரூபாய் பெறுவார். தோற்றாலோ 100 ரூபாயும் போயிற்று. இத்தகைய பந்தயங்களில் நான்கில் ஒன்றிலேனும் வென்றாலன்றிக் கைமுதல் தேறாது என்பதே அவ்விகிதத்தின் உட்பொருள்.

இனி, கணக்கு விளங்கும் பொருட்டு நான்கு குதிரைகள் மட்டுமே ஓடும் ஒரு பந்தயத்தைக் கற்பனை செய்வோம். 'புக்கி' எனப்படும் பந்தயத் தரகர் முதற் குதிரைக்கு ஒன்றுக்கு ஒன்றும், மற்றவற்றுக்கு முறையே இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, ஐந்துக்கு ஒன்று என்றும் விகிதம் எழுதியுள்ளார். ஒருவர் நான்கின் மீதும் முறையே 300, 200, 150, 100 ரூபாய் கட்டுகிறார் என்று கொள்வோம். எக்குதிரை வென்றாலும் அவருக்குக் கிடைப்பது 600 ரூபாய். அவர் கட்டியதோ 750 ரூபாய்! குறைந்த 150 ரூபாய், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, தரகரின் ஆதாயம். எந்தக் குதிரை முந்தும் என்று அறியாமலே அவர் ஆதாயம் பெறும் வகை இதுவே.

'டோட்' முறை இதனின் வேறானது. பாரிஸ் நகரில் 1867 ஆம் ஆண்டளவில் ஜோசப் ஒல்லெர் என்பார் வகுத்தது அது. நியூசிலாந்திலுள்ள ஆக்லாந்து நகரில் 1913 இல் ஜார்ஜ் ஜூலியஸ் என்பார் அதற்கென ஓர் இயந்திரத்தையே அமைத்தார். இம்முறையில் அனைவரும் கட்டும் பணம் ஒரே நிதியாகச் சேரும். அதில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு, எஞ்சியதை வென்ற குதிரையின் மீது கட்டியவர்களுக்குப் பகிர்ந்தளிப்பர். 1,00,000 ரூபாய் சேர்ந்து, 20,000 கழிந்தது என்போம். வென்ற குதிரையின் மீது 40,000 ரூபாய் கட்டப்பட்டிருந்தால் 10 ரூபாய்ச் சீட்டுக்கு 20 ரூபாய் கிடைக்கும். 8,000 ரூபாயே கட்டப்பட்டிருந்தால் 100 ரூபாய் கிடைக்கும். இரயில் சீட்டில் கட்டணம் முன்னரே அச்சாகியிருக்கும். டோட் சீட்டின் மதிப்போ கடைசிச் சீட்டு விற்கப்படும் வரையில் உறுதியாகாது.

ஆகவே 'பேவரிட்' என்று கூட்டம் ஆரவாரிப்பது, பெரும்பாலோரின் பணம் எதன்மேல் விழுந்தது என்பதைக் காட்டுமேயன்றி, வெற்றிக்கு உறுதிமொழி ஆகாது.

"இது திறமை ஆட்டமன்றோ?" எனச் சிலர் கேட்கக்கூடும். உண்மையே. தமிழகத்தில் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க 1974 இல் இயற்றப்பட்ட சட்டம் குறித்த வழக்கில், அது பெரிதும் திறமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1996 இல் தீர்ப்பளித்தது. ஆயினும் குதிரையின் வமிசம், சுமை, ஓடுதளம் ஆகியவற்றை நாம் மட்டுமா ஆராய்கிறோம்? அவ்வாறு ஆராய்ந்தவர்களின் பணமும் சேர்ந்தே விகிதம் அமைகின்றது. அவர்களினும் மிகுந்த திறமை வேண்டும். அதன் மேல் கழிவையும் ஈடு செய்தல் வேண்டும். 'குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்ததாம்' என்பதுபோல, 2023 அக்டோபர் முதல் பந்தயத் தொகை முழுவதன் மீதும் 28 விழுக்காடு சரக்கு சேவை வரி விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் அது 40 விழுக்காடாக உயர்ந்தது.

வரியை விடுத்து, கழிவு ஐந்தில் ஒரு பங்கு என்று மட்டுமே கொள்வோம். 1,000 ரூபாயுடன் சென்று, கையிலிருப்பதை ஒவ்வொரு பந்தயத்திலும் முழுதாகக் கட்டி வருவோர் பலரைச் சராசரியாக நோக்கின், முதற் பந்தயத்துக்குப்பின் 800, அடுத்து 640, பின்னர் 512, 410 எனத் தேய்ந்து, ஐந்தாம் பந்தய முடிவில் ஏறக்குறைய 328 ரூபாயே எஞ்சும். ஒருவர் பெருந்தொகை பெற்ற செய்தி ஊரெங்கும் பரவும். மற்றையோர் இழந்தது அவரவர் வீட்டு அடுப்பங்கரையிலேயே தெரியும். 'விட்டதைப் பிடிக்கிறேன்' என்று மேலும் கட்டுவோருக்காக விகிதம் இரங்குவதில்லை. முன்னே தோற்ற கதை குதிரைக்குத் தெரியாது.

குதிரைகள் ஓடும் அழகைக் கண்டு களிப்பதை யாரும் குறை கூறார். பந்தயம் கட்டியே தீர வேண்டும் என்பார், வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிச் சம்பளம், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் தொகை ஆகிய யாவற்றையும் முதலில் ஒதுக்கி, இழந்தாலும் தாங்கக்கூடிய ஒரு சிறு தொகையை வீட்டாருக்குச் சொல்லிவிட்டு எடுத்துச் செல்க. அது தீர்ந்ததும் மகாலட்சுமி நிலையத்தில் அடுத்த வண்டியைப் பிடித்து வீடு திரும்புதலே நல்ல கணக்கு.