தண்ணீருக்குள் கல் ஏன் லேசாகிறது?

ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆற்றிலோ, ஸ்ரீவில்லிபுத்தூர் செண்பகத்தோப்பு ஓடையிலோ குளிக்கும்போது கவனியுங்கள். நீருக்குள் எளிதாகப் புரளும் கல், வெளியே எடுத்ததும் கனக்கும். ஏன்?

இங்குள்ள மலைப் பாறைகளின் அடர்த்தி, தண்ணீரைப் போல் சுமார் 2.7 மடங்கு. 27 கிலோ கல் முழுதாக மூழ்கினால் 10 லிட்டர் நீரை விலக்கும். விலகிய நீரின் எடையான 10 கிலோ அளவுக்கு நீர் கல்லை மேலே தள்ளும். கைக்குத் தெரிவது 17 கிலோதான். இது ஆர்க்கிமிடீஸ் விதி.

அப்படியானால் எரிமலை நுரைக்கல் மட்டும் நீரில் மிதப்பது எப்படி? அதன் துளைகளில் காற்று அடைபட்டிருப்பதால் மொத்த அடர்த்தி தண்ணீரின் அடர்த்திக்குக் கீழே இறங்கிவிடுகிறது.

மலையோடையில் வெள்ளம் வந்தால் உடனே கரையேறுங்கள். நீரில் எடை குறைந்த பாறைகளை வேகமான வெள்ளம் எளிதில் உருட்டிவரும்.