இந்தக் கடைத்தெருவுக்கு முதலாளி உண்டு

லாஸ் ஏஞ்சலஸில் 2002-ல் திறந்த 'தி குரோவ்' வளாகத்துக்குள் நுழைந்தால் பழைய ஊர் ஒன்றின் கடைவீதியில் நடப்பதுபோல இருக்கும். மேலே கூரை இல்லை. தண்டவாளத்தில் ஊர்ந்துவரும் இரண்டடுக்கு டிராம், பாட்டுக்கு ஆடும் நீரூற்று. பனியே பெய்யாத அந்த ஊரில் கிறிஸ்துமஸ் சமயத்தில் செயற்கைப் பனிகூட விழும்.

டிஸ்னிலாந்திலிருந்து வந்த வித்தை இது. 1955-ல் அனஹைமில் திறந்த அந்தக் கேளிக்கைப் பூங்காவின் வாசலிலேயே 'மெயின் ஸ்ட்ரீட்' என்றொரு கடைத்தெரு. அங்கே மேல்மாடிகளைக் கீழ்த்தளத்தைவிடச் சிறிய அளவில் கட்டியிருப்பார்கள். கட்டிடம் உயரமாகத் தெரியும், ஆனால் ஆளை மிரட்டாது. தெருக்கோடியில் கோட்டை. அது கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பதால் கால் தானாக அந்தப் பக்கம் போகும். வீடு திரும்பவும் அதே கடைகளைத் தாண்டித்தான் ஆகவேண்டும். குரோவின் நீரூற்றை வடிவமைத்த 'வெட்' நிறுவனத்தைத் தொடங்கியவர்களும் டிஸ்னியில் வேலை பார்த்தவர்கள்தான்.

சும்மா வேடிக்கை பார்க்கப் போனவர் பையோடு திரும்புவது இதனால்தான். அதைவிடப் பெரிய விஷயம், பொதுத் தெருவாகத் தோன்றும் இந்த இடம் தனியார் சொத்து. கேமராவை உள்ளே வை என்று காவலாளி சொல்லலாம். வெளியே போகச் சொன்ன பிறகும் நின்றால் அத்துமீறல் வழக்கு வரக்கூடும்.

ஆனாலும் கலிபோர்னியாவில் மக்களுக்கு ஒரு பிடிமானம் உண்டு. கேம்பெல் நகரின் 'புரூன்யார்ட்' வளாகத்தில் ஒரு மனுவுக்குக் கையெழுத்து வாங்கிய பள்ளி மாணவர்களைக் காவலாளி வெளியேற்றினார். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1980-ல் மாணவர்கள் பக்கம் தீர்ந்தது. மாநில அரசியல் சட்டம் கூடுதல் பேச்சுரிமை தரலாம் என்றது நீதிமன்றம். எனவே அங்கே பெரிய வணிக வளாகங்களின் பொது இடங்களில் அமைதியாகக் கையெழுத்து வாங்கலாம், துண்டறிக்கை கொடுக்கலாம். நேரம், இடம் பற்றி நியாயமான விதிகளை நிர்வாகம் வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். வளாகத்துக் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லக் கூடாது என்ற தடை செல்லாது என்று 2007-ல் மாநில உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. பெரும்பாலான மற்ற மாநிலங்களில் இந்தச் சலுகை கிடையாது.

வாங்கிய பொருளுக்கும் பாதுகாப்பு இருக்கிறது. ஏழு நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தரவோ பொருளை மாற்றித் தரவோ மாட்டோம் என்றால், கலிபோர்னியக் கடைக்காரர் அதைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். வைக்காவிட்டால் 30 நாளுக்குள் பொருளைக் கொடுத்து முழுப் பணமும் கேட்கலாம். உணவுப் பொருள், செடி, 'திருப்பி எடுக்க மாட்டோம்' எனக் குறித்து விற்றவை போன்ற சிலவற்றுக்கு இது பொருந்தாது. கடை மறுத்தால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது. தனிநபர் 12,500 டாலர் வரை கேட்டு, வக்கீல் இல்லாமலே வாதாடலாம்.

பிள்ளைகளைப் பார்க்கக் கலிபோர்னியாவுக்குப் போகிறவர்கள், பில்லைக் கசக்கி எறியாமல் ஒரு மாதமாவது பத்திரமாக வைத்திருங்கள். பணம் கொடுக்குமுன் கல்லாப் பக்கம் என்ன எழுதி ஒட்டியிருக்கிறது என்று படித்துவிடுங்கள்.