முதியோர் இல்லத்தில் கவனிப்பு தவறும்போது

முதியோர் இல்லத்தில் ஒருவருக்கு நேரும் தீங்கு எப்போதும் கைநீட்டி அடிப்பதாக இருப்பதில்லை. வேளைக்கு ஊட்டாமல் விடுவது, நனைந்த பம்பர்ஸை மாற்றாதது, மருந்தைத் தவறவிடுவது, கூப்பிட்டாலும் ஏனென்று கேட்காதது எல்லாம் தீங்குதான். ஏச்சு, மிரட்டல், கட்டிலோடு கட்டிவைத்தல், காசையும் நகையையும் பறித்தல் ஆகியவையும் இதில் அடங்கும். உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டும் ஆய்வுகளில், இத்தகைய இல்லங்களின் பணியாளர்களில் மூவரில் இருவர், முந்தைய ஓராண்டில் முதியோரை ஏதோ ஒரு வகையில் துன்புறுத்தியதாகத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

திருகோணமலை லிங்கநகர் போன்ற இடங்களில் இந்த ஆபத்துக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. யுத்த காலத்தில் பிள்ளைகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்ட குடும்பங்கள் கிழக்கில் பல. காசு மாதம் தவறாமல் வரும், பார்க்க ஆள் வராது. வீடியோ அழைப்பில் தெரிவது கழுவித் துடைத்த முகம் மட்டுமே. குதிக்காலும் இடுப்பும் அதில் தெரியா. வெளிநாட்டு இல்லங்களில் இப்படி நடக்காது என்று நினைப்பதற்கும் இடமில்லை. 2020 மே மாதம் ஒன்ராறியோவின் ஐந்து இல்லங்களைப் பற்றிக் கனடிய இராணுவம் கொடுத்த அறிக்கை கரப்பான் பூச்சிகளையும், அழுக்கோடு விடப்பட்டவர்களையும், உதவி கேட்டு அழுதும் நெடுநேரம் ஆள் வராததையும் பதிவு செய்தது. ஈழத்தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவின் இல்லமொன்றும் அவற்றில் அடங்கும்.

நேரில் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது படுக்கைப்புண். தானாக அசைய முடியாதவரைச் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அது நடக்காவிட்டால் வால் எலும்பு, இடுப்பு, குதிக்கால் ஆகிய இடங்களில் தோல் சிவக்கும், அமுக்கினாலும் அந்தச் சிவப்பு மறையாது. கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாததால் தொட்டுப் பார்ப்பதே சரி: அந்த இடம் சூடாகவோ இறுகியோ இருக்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வறண்ட நாக்கு, கடும் நிறச் சிறுநீர், திடீர்க் குழப்பம் மூன்றும் தண்ணீர் போதாததைக் காட்டும். இரு மேற்கைகளிலும் விரல் பட்டதுபோன்ற கன்றல், மணிக்கட்டில் கட்டிய தடம், பகல் முழுதும் தீராத மயக்கத் தூக்கம் ஆகியவற்றுக்கு விளக்கம் கேட்டே ஆக வேண்டும். இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவருக்குச் சிறு இடியிலும் தோல் கன்றும் என்பதால் ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவுக்கு வரவும் கூடாது. மறதி நோயாளி ஒருவர் “அடிக்கினம்” என்று சொன்னால், நோயைக் காட்டி அதை ஒதுக்குவது அதைவிடப் பெரிய பிழை.

இலங்கையில் 60 வயதை அடைந்தவர்களுக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் உண்டு. அது 2011இல் திருத்தப்பட்டது. பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிக்கக்கூடாது என்று அது பிள்ளைகளுக்குச் சொல்கிறது. பராமரிப்புக் காசு கேட்டு முதியவர் பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பிக்கலாம். இல்லங்களைப் பொறுத்தவரை அது பதிவையும் பரிசோதனையையும் வைத்திருக்கிறது. பிள்ளைகளோடு பேசும் அளவுக்கு இல்லம் நடத்துவோரோடு இந்தச் சட்டம் கண்டிப்பாகப் பேசவில்லை என்றே சொல்ல வேண்டும். ஆகவே காயம் விளைவித்தல், முறையற்று அடைத்துவைத்தல், நம்பிக்கை மோசடி போன்றவற்றுக்குத் தண்டனைச் சட்டக் கோவையையே நாட வேண்டியிருக்கிறது. ஏமாற்றி எழுதுவித்த நன்கொடை உறுதி நீதிமன்ற விவகாரம். அதற்குச் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் ஆலோசனை பெறலாம்.

உயிருக்கு ஆபத்தென்றால் முறைப்பாட்டுக்கு முன் வைத்தியசாலை. 1990 இலக்கத்தில் வரும் அம்புலன்ஸ் இலவசம். காயத்தின் மீது சந்தேகம் இருப்பதை டொக்டரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் சட்ட வைத்திய அதிகாரியின் பரிசோதனைக்கு வழி பிறக்கும். திகதியோடு எடுத்த படங்கள், கிளினிக் கொப்பி, இல்லத்துக்குக் கட்டிய காசின் பற்றுச்சீட்டு ஆகியவற்றைச் சேர்த்து வைப்பது நல்லது. பொலிஸுக்கு 119. முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உரிமை உண்டு, விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்திடத் தேவையில்லை.

நிர்வாக வழியில் முதல் வாசல், திருகோணமலை பட்டினமும் சூழலும் பிரதேச செயலகத்தில் உள்ள முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர். அங்கே நகராவிட்டால் முதியோருக்கான தேசிய செயலகம், மாகாண சமூக சேவைகள் திணைக்களம் என்று எழுத்தில் மேலே போகலாம். அரசு நடத்தும் இல்லமென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் முறையிடலாம். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே தவணை. அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்திருந்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தத் தவணையில் கணக்கிடப்படாது.