மலையோட்டமும் வழியாய்வும்

மலைப்பாதையில் நெடுந்தூர ஓட்டம் நடத்துவோர், பந்தய நாளுக்கு முன்பே அப்பாதையை நடந்து ஆராய்தல் இன்றியமையாததாகும். சீனாவின் கான்சு மாகாணத்தில் மஞ்சள் ஆற்றை அடுத்த கரடுமுரடான மலைநிலத்தில், 2021 மே 22 அன்று 100 கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று நடந்தது. ஓடியோர் 172 பேர். கடுங்காற்றும் குளிர்மழையும் ஆலங்கட்டியும் தாக்கவே, 21 பேர் உயிரிழந்தனர். பேரிடர் நேர்ந்த பகுதி, ஊர்திகள் சென்றடைய இயலாத செங்குத்தான ஏற்றமாகும். அங்கே ஆடு மேய்ப்பவர் ஒருவர், தாம் ஒதுங்கிய குகையில் இடமளித்து ஆறு பேரைக் காப்பாற்றினார்.

நனைந்த உடையின்மேல் காற்று வீசினால் உடல் விரைந்து வெப்பத்தை இழக்கிறது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கினால் நடை தளரும், அறிவும் மயங்கும்.

அந்தமானில் நிலைமை இதற்கு நேர்மாறானது. ஸ்ரீ விஜய புரம் (2024 வரை போர்ட் பிளேர்) நகரின் லம்பா லைன் பகுதியிலிருந்து ஓடப் புறப்படுபவர் எதிர்கொள்வது புழுக்கமே. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. உடல் வெப்பம் ஏறுகிறது. வட அந்தமானில் சுமார் 730 மீட்டர் உயரமுள்ள சேடில் சிகரத்திற்குச் செல்லும் காட்டுவழி போன்ற பாதைகளில், மழைக்குப்பின் பாறைகள் வழுக்கும், ஓடைகளும் பெருகும்.

ஆதலால் வழியாய்வு செய்வோர் தூரத்தை மட்டும் அளந்து திரும்புதல் போதாது. குடிநீர் கிடைக்குமிடம், ஒதுங்குமிடம், வானொலித் தொடர்பு அறுபடுமிடம், காயமுற்றவரைத் தூக்கிவரும் வழி ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஓட்டத்தை எந்நிலையில் நிறுத்துவது என்பதை முன்னரே முடிவு செய்தலும் அவ்வாய்வின் பகுதியேயாகும்.